கோடியக்கரையில் பறவைகளை அடையாளம் காண: நிறத்தைக் கடைசியாகப் பாருங்கள்

கோடியக்கரைக்குப் பறவை பார்க்கப் போகிறேன் என்று சொன்னால் எல்லோரும் கேட்பது ஒன்றுதான்: பூநாரை (ஃபிளமிங்கோ) இருக்குமா? நவம்பரில் இருந்து பிப்ரவரிக்குள் போனால், தண்ணீர் மட்டமும் சரியாக அமைந்தால், இருக்கும். ஆனால் பூநாரையை அடையாளம் காண யாரும் உதவ வேண்டியதில்லை. முதல்முறை போகிறவர்கள் திணறுவது மற்ற பறவைகளிடம்தான். சேற்றில் ஓடிக்கொண்டே இருக்கும் சின்னஞ்சிறு பழுப்புப் பறவைகள், ஒரே வெள்ளையாக நிற்கும் நாலைந்து வகைக் கொக்குகள், காட்டுக்குள் கண்ணில் படாமல் கத்திக்கொண்டே இருப்பவை. இவற்றைப் பிரித்துப் பார்க்கத் தெரிந்தால் அங்கே ஒரு காலைப்பொழுது போதாது.

இடத்தைப் பற்றிச் சுருக்கமாக. வேதாரண்யத்துக்குத் தெற்கே, வங்கக் கடலும் பாக் நீரிணையும் சந்திக்கிற முனை இது. 1967-இல் சரணாலயம் ஆனது, 2002-இல் சுற்றியுள்ள சதுப்பு நிலத்தோடு சேர்த்து, உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் இடம் பெற்றது. இங்கே பறவை இனங்கள் இவ்வளவு இருப்பதற்குக் காரணம், நடந்து போகிற தூரத்துக்குள் நாலு விதமான நிலம் இருப்பதுதான்: பாலை மரங்கள் நிற்கும் உலர் பசுமைமாறாக் காடு, வெளிமானும் மட்டக்குதிரையும் மேயும் புல்வெளி, உப்பளமும் சேறும், அப்புறம் திறந்த கடற்கரை. 2018 நவம்பரில் கஜா புயல் பெரிய மரங்களை நிறையச் சாய்த்துவிட்டது, அதனால் பழைய படங்களில் பார்த்த அடர்த்தியை இன்று எதிர்பார்க்காதீர்கள்.

இந்த நாலு நிலத்தையும் முதலில் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. அடையாளம் காண்பதில் பாதி வேலையை இடமே முடித்துவிடும். சேற்றில் நிற்கும் பறவையைப் பார்த்துவிட்டுப் புத்தகத்தை முதல் பக்கத்தில் இருந்து புரட்ட வேண்டாம், மரத்தில் வாழ்கிற அத்தனை இனங்களும் அந்த நொடியிலேயே கழிந்துவிட்டன. பறவை கண்ணில் பட்டதும் இந்த வரிசையில் கேளுங்கள்: எங்கே நிற்கிறது, எவ்வளவு பெரிது, என்ன செய்துகொண்டிருக்கிறது, அலகும் காலும் எப்படி. இதற்கெல்லாம் பிறகுதான் நிறம்.

நிறத்தை ஏன் கடைசியில் வைக்கச் சொல்கிறேன் என்றால், கடற்கரை வெளிச்சத்தை நம்ப முடியாது. காலையில் கிழக்குப் பார்த்து நின்றால் எல்லாப் பறவையும் கறுப்பாகத் தெரியும், பத்து மணிக்கு மேல் உப்பின் பளபளப்பில் எல்லாம் வெளிறிப்போகும். இது போக, குளிர்காலத்தில் இங்கே வரும் கரைப்பறவைகள் இனப்பெருக்கக் கால வண்ணத்தைக் கழற்றிவிட்டுச் சாம்பலும் பழுப்புமாக இருக்கும். பல பறவைகளில் ஆணும் பெண்ணும் வேறு வேறு நிறம், குஞ்சுப்பருவம் இன்னொரு நிறம். அலகின் நீளமும் வளைவும் மட்டும் வெயிலுக்கோ மாதத்துக்கோ மாறாது.

அளவைச் சொல்லச் சென்டிமீட்டர் வேண்டாம். சிட்டுக்குருவி, மைனா, காக்கை, கொக்கு என்று நாலு அளவுகோல் மனதில் இருந்தால் போதும். "மைனாவை விடச் சின்னது, குருவியை விடப் பெரிது" என்று குறித்துக்கொள்ளுங்கள்.

சரி, காட்டில் ஆரம்பிப்போம். ராமர் பாதம் என்ற வழிபாட்டிடத்துக்குப் போகும் சாலையில் மெதுவாக நடந்தாலே பொதுவான பறவைகள் நிறையக் கிடைக்கும். காட்டில் காதுதான் முதலில் வேலை செய்ய வேண்டும், பார்வை பின்னால் வரட்டும். புதருக்குள் இருந்து கலகலவென்று ஒரு திடீர்க் குரல் வெடித்து, உடனே நின்று, ஒன்றுமே வெளியே வராமல் இருந்தால் பெரும்பாலும் வெண்புருவக் கொண்டைக்குருவி. உடல் மங்கிய பச்சை கலந்த பழுப்பு, கண்ணுக்கு மேல் வெள்ளைக் கோடு, கொண்டை என்று சொல்லும்படி ஒன்றும் இல்லை. இதன் உறவுக்காரரான, நம் வீட்டுப் பக்கம் வரும் சாதாரணக் கொண்டைக்குருவி அப்படி ஒளியாது. கருந்தலையோடு வெளிக்கிளையில் உட்காரும், வால் அடியில் சிவப்பு தெரியும், பறக்கும்போது வாலுக்கு மேலே ஒரு வெள்ளைத் திட்டு தெரியும்.

ஆழமான "ஊப் ஊப் ஊப்" தரைப்பக்கமிருந்து வந்தால் செம்போத்து, சில ஊர்களில் செண்பகம் என்பார்கள். காக்கை அளவு, கறுப்பு உடல், செங்கல் நிற இறக்கை, சிவந்த கண். பறப்பதை விட நடப்பதே அதிகம். இதைக் குயிலோடு குழப்பிக்கொள்கிறவர்கள் உண்டு. ஆண் குயில் முழுக்கக் கறுப்பு, அலகு வெளிறிய பச்சை, மரத்தை விட்டுத் தரைக்கு அவ்வளவாக வராது. பெண் குயில் பழுப்பில் வெள்ளைப் புள்ளிகளோடு வேறு ஏதோ பறவை போலவே இருக்கும்.

தரையில் ஏழெட்டாகச் சருகைக் கிளறிக்கொண்டு ஓயாமல் சளசளப்பது தவிட்டுக்குருவி. உச்சிக்கிளைகளுக்குள் இலையோடு இலையாக அலையும் மஞ்சள் சிட்டு, கறுப்பு இறக்கையில் இரண்டு வெள்ளைப் பட்டைகள் இருந்தால் மாம்பழச்சிட்டு. அதையே மாங்குயில் என்று எழுதிவிடாதீர்கள். மாங்குயில் மைனா அளவு, அலகு இளஞ்சிவப்பு, கண் வழியாகக் கறுப்புக் கோடு ஓடும், குளிர்காலத்தில் வந்து போகும். நிறம் மட்டும் பார்த்தால் இரண்டும் "மஞ்சள் கறுப்பு", அளவைப் பார்த்தால் குழப்பமே இல்லை.

கரிச்சானுக்குக் கொஞ்சம் நேரம் கொடுங்கள். மின்கம்பியிலோ குதிரையின் முதுகிலோ உட்கார்ந்து, பூச்சியைத் துரத்தி ஒரு சுற்றுச் சுற்றி அதே இடத்துக்குத் திரும்பும் பளபளப்பான கருப்புப் பறவை, வால் இரண்டாகப் பிளந்திருக்கும். இது கருங்கரிச்சான். அதே பிளந்த வாலோடு, காட்டுக்குள், வயிறு மட்டும் வெள்ளையாக இருந்தால் வெண்வயிற்றுக் கரிச்சான். குளிர்காலத்தில் சாம்பல் நிறத்தில், சிவந்த கண்ணோடு ஒன்றைப் பார்த்தால் அது சாம்பல் கரிச்சான், வலசை வந்தது. மூன்றுமே மற்ற பறவைகளின் குரலை அப்படியே திருப்பிப் பாடக்கூடியவை. குரலை வைத்துப் பெயர் சொல்லும் மெர்லின் செயலியைக் கையில் வைத்திருப்பவர்கள் இதை நினைவில் வைக்க வேண்டும். பருந்தின் குரல் என்று செயலி காட்டும், நிமிர்ந்து பார்த்தால் கிளையில் கரிச்சான் இருக்கும். செயலி சொல்வது ஒரு யோசனைதான், கண்ணால் பார்க்கும் வரை பட்டியலில் சேர்க்காதீர்கள்.

அக்டோபரில் போகிறவர்களுக்கு ஒரு பரிசு உண்டு. இமயமலை அடிவாரத்திலும் மத்திய இந்தியாவிலும் கூடு கட்டிவிட்டுத் தெற்கே இறங்கும் ஆறுமணிக்குருவி இந்த முனை வழியாகத்தான் இலங்கைப் பக்கமும் போகிறது. வாலே இல்லாததுபோல் குட்டையான உருவம், பச்சை முதுகு, மணல்நிற மார்பு, வால் அடியில் சிவப்பு, கண்ணை மறைக்கும் கறுப்புப் பட்டை. ஆனால் இவ்வளவு வண்ணம் இருந்தும் நிழலில் சருகு மேல் தத்தும்போது தெரியவே தெரியாது. இரண்டு சுரத்தில் விசில் அடிப்பது போன்ற குரலை விடியலிலும் அந்தியிலும் கேட்டால், மேலே பார்க்காமல் தரையைப் பாருங்கள், கொஞ்ச நேரம் அசையாமல் நில்லுங்கள். இரவில் பறந்து களைத்து வீட்டு வராந்தாவிலோ சுவரோரமோ விழுந்து கிடப்பதும் உண்டு. அப்படிக் கிடந்தால் காற்றோட்டமான அட்டைப்பெட்டியில், இருட்டில், பூனை எட்டாத இடத்தில் சில மணி நேரம் வைத்துவிட்டு, தெளிந்ததும் மரநிழலில் விடுங்கள். அடிபட்டிருந்தால் வனத்துறையைக் கூப்பிடுங்கள். வாயைத் திறந்து தண்ணீர் ஊற்றாதீர்கள், மூச்சுக்குழலுக்குள் போய்விடும்.

பஞ்சுருட்டான்களில் சின்னதான பச்சைப் பஞ்சுருட்டான் ஆண்டு முழுக்கக் கம்பியில் இருக்கும். அதை விடப் பெரிதாக, வால் நீலமாக இருந்தால் நீலவால் பஞ்சுருட்டான், குளிர்கால விருந்தாளி. பனங்காடையை உட்கார்ந்திருக்கும்போது பழுப்பு என்று தாண்டிப் போய்விடுவோம், பறக்கும்போதுதான் இறக்கையின் நீலம் திறக்கும்.

இப்போது திறந்த வெளிக்கு வருவோம். முதலில் பறப்பதை வைத்து ஒரு விதி, இது ஒன்று தெரிந்தாலே பெரிய பறவைகளில் பாதிக் குழப்பம் தீரும். கொக்கும் சாம்பல் நாரை போன்றவையும் பறக்கும்போது கழுத்தை மடித்துத் தோளுக்குள் இழுத்துக்கொள்ளும். சங்குவளை நாரை, நத்தைகுத்தி நாரை, கரண்டிவாயன், அரிவாள்மூக்கன், பூநாரை எல்லாம் கழுத்தை நீட்டிப் பறக்கும். கூழைக்கடா கழுத்தை மடிக்கும், ஆனால் அந்தப் பெரிய அலகையும் உடல் பருமனையும் வைத்து அதை யாரும் கொக்கு என்று சொல்லப் போவதில்லை. நீட்டிய கழுத்துக்காரர்களை அலகை வைத்துப் பிரித்துவிடலாம்: முனையில் லேசாகக் கீழே இறங்கும் மஞ்சள் அலகும் இறக்கை முடிவில் ரோஸ் நிறமும் சங்குவளை நாரை, அலகை மூடினாலும் பாக்குவெட்டி போல நடுவில் இடைவெளி தெரிந்தால் நத்தைகுத்தி, அரிவாள் வளைவு என்றால் அரிவாள்மூக்கன், நுனி தட்டையாக அகன்றிருந்தால் கரண்டிவாயன்.

வெள்ளைக் கொக்குகளுக்கு வருவோம், ஏனென்றால் இங்கே இறகின் நிறம் துளிகூட உதவாது. மேயும் மாட்டையும் குதிரையையும் ஒட்டி, புல்வெளியில், குட்டைக் கழுத்தும் மஞ்சள் அலகுமாக நடப்பது உண்ணிக்கொக்கு. கோடையில் தலையும் கழுத்தும் ஆரஞ்சாகிவிடும். தண்ணீரில் நிற்கிறது, அலகும் காலும் கறுப்பு, ஆனால் பாதம் மட்டும் மஞ்சள் என்றால் சின்னக் கொக்கு. பாதம் தண்ணீருக்குள் இருந்தால் அது காலை எடுத்து வைக்கும் வரை பொறுங்கள். பெரிய கொக்குக்கும் நடுத்தரக் கொக்குக்கும் தூரத்தில் அளவு ஏமாற்றும், அதனால் வாய்க்கோட்டைப் பாருங்கள். பெரிய கொக்குக்கு வாயின் பிளவு கண்ணைத் தாண்டிப் பின்னால் போகும், நடுத்தரத்துக்குக் கண்ணுக்குக் கீழேயே நின்றுவிடும். பெரிய கொக்கின் கழுத்தில் உடைந்ததுபோல் ஒரு முடிச்சும் தெரியும். இவை போக, கடலோரத்துக்கே உரிய கரைக்கொக்கு. சாம்பல் கறுப்பாக, தொண்டை மட்டும் வெள்ளையாக இருந்தால் உடனே தெரிந்துவிடும். இதிலேயே முழு வெள்ளை வடிவமும் உண்டு, அப்போது சின்னக் கொக்கு போலத் தெரியும், ஆனால் அலகு கொஞ்சம் தடித்து, முழுக் கறுப்பாக இல்லாமல் பழுப்பு மஞ்சள் கலந்திருக்கும். குட்டையோரம் பழுப்புக் கோடுகளோடு மண்ணாகவே உட்கார்ந்திருந்து, கிளம்பியதும் வெள்ளை இறக்கையாக மாறுவது மடையான்.

பூநாரையில் ஒரு விஷயம் மட்டும். இங்கே அதிகமாக வருவது பெரிய பூநாரை, இளஞ்சிவப்பு அலகில் நுனி மட்டும் கறுப்பு. கூட்டத்தில் உயரம் குறைந்து, அலகு முழுக்கக் கருஞ்சிவப்பாக இருந்தால் சிறிய பூநாரை. அழுக்குச் சாம்பலாக இருப்பவற்றை வேறு இனம் என்று எழுதாதீர்கள், அவை இளசுகள்.

அடுத்தது உள்ளான், உப்புக்கொத்தி வகைகள், முதலில் சொன்ன அந்தச் சேற்றுப் பழுப்புப் பறவைகள். எல்லோரும் கைவிடுகிற இடம் இதுதான், எனக்கு இங்கே மிகப் பிடித்த இடமும் இதுதான். கையில் அடங்கிவிடும் ஒரு பறவை ஆர்க்டிக் ஓரத்தில் முட்டையிட்டு வளர்த்துவிட்டு வேதாரண்யத்துச் சேற்றுக்கு வந்து நிற்கிறது என்பதை நினைத்தால், "ஏதோ உள்ளான்" என்று தாண்டிப் போக மனம் வராது. இவற்றை முதலில் நடையை வைத்து இரண்டாகப் பிரியுங்கள். கொஞ்சம் ஓடி, சட்டென்று நின்று, பார்த்து, ஒரு கொத்துக் கொத்தி, மறுபடி ஓடினால் உப்புக்கொத்தி. அதற்கு அலகு குட்டை, கண் பெரிது, கண்ணால்தான் இரை தேடுகிறது. நிற்காமல் நடந்துகொண்டே அலகைச் சேற்றில் விட்டு விட்டு எடுத்தால் உள்ளான்.

உப்புக்கொத்திகளில் கழுத்தின் பின்பக்கம் பாருங்கள். வெள்ளைக் கழுத்துப்பட்டை சுற்றி வந்து, மார்புப் பட்டை நடுவில் அறுந்திருந்தால் கென்டிஷ் உப்புக்கொத்தி. மார்பில் முழுப் பட்டையும் கண்ணைச் சுற்றி மஞ்சள் வளையமும் இருந்தால் பட்டாணி உப்புக்கொத்தி. பின்கழுத்தில் வெள்ளையே இல்லை, கொஞ்சம் பெரிதாகவும் இருக்கிறது என்றால் மணல் உப்புக்கொத்தி. இதில் சிறியது, பெரியது என்று பிரிப்பது முதல் பயணத்துக்கு வேண்டாம்.

உள்ளான்களில் குருவி அளவில், கறுப்புக் காலோடு, தலை நிமிராமல் வேகவேகமாகக் கொத்துவது கொசு உள்ளான். அதன் பக்கத்திலேயே சற்றுப் பெரிதாக, நீண்ட அலகு நுனியில் கீழே வளைந்து, வயிறு வரை தண்ணீரில் இறங்கி நிற்பது வளைமூக்கு உள்ளான். பறக்கும்போது வாலுக்கு மேலே வெள்ளை தெரிந்தால் உறுதி. தனியாக, வரப்போரமாக, பின்பக்கத்தை ஓயாமல் ஆட்டிக்கொண்டே நடப்பது காமன் சேண்ட்பைப்பர், தோளுக்கு முன்னால் வெள்ளை ஏறி நிற்கும். ஆரஞ்சுச் சிவப்புக் கால் பவளக்காலி, இறக்கையின் பின்விளிம்பு வெள்ளை. ஆளைக் கண்டதும் முதலில் கத்திக் கூட்டத்தையே கிளப்புவதும் இதுதான். அலகு லேசாக மேல்நோக்கி, கால் மங்கிய பச்சை, கிளம்பும்போது "டியு டியு டியு" என்று மூன்று முறை கூப்பிட்டால் பச்சைக்காலி. நெடுங்கால் உள்ளானின் நீண்ட ரோஸ் காலுக்கு விளக்கமே வேண்டாம். கறுப்பு வெள்ளைத் திட்டுகளோடு, குட்டை ஆரஞ்சுக் காலோடு, கல்லையும் கிளிஞ்சலையும் அலகால் புரட்டினால் கல்திருப்பி உள்ளான், அதைக் கடற்கரைப் பக்கம் தேடுங்கள்.

கடலோரத்து ஆகாயம் எளிது. ஆலா ஒல்லி, கூர்மையான இறக்கை, அலகைக் கீழே பார்த்தபடி பறக்கும், தண்ணீர் மேல் உட்காருவது அரிது. கடற்காகம் பருத்தது, மிதக்கும். குளிர்காலத்தில் இங்கே அதிகம் காண்பது பழுப்புத்தலைக் கடற்காகம், ஆனால் அந்தப் பழுப்புத் தலை அப்போது இருக்காது, வெள்ளைத் தலையில் கண்ணுக்குப் பின்னால் ஒரு கரும்புள்ளிதான் மிச்சம். ஆலாக்களில் காக்கையை விடப் பெரிதாக, தடித்த சிவப்பு அலகோடு இருந்தால் காஸ்பியன் ஆலா. தடித்த கறுப்பு அலகோடு, கடலில் பாயாமல் சேற்றுக்கு மேல் தாழப் பறந்து நண்டையும் பூச்சியையும் எடுத்தால் பருத்த அலகு ஆலா.

பருந்துகளில் வாலைப் பாருங்கள். பிளவுபட்ட வால் கரும்பருந்து, வட்டமான வால் செம்பருந்து. இளம் செம்பருந்து முழுப் பழுப்பாக இருந்து கரும்பருந்து என்று நினைக்க வைக்கும், அங்கேயும் வால் காட்டிக்கொடுக்கும். வெள்ளை அடிவயிறு, குட்டை ஆப்பு வால், இறக்கையை மேல்நோக்கி உயர்த்தி மிதப்பது கடற்கழுகு. கண் வழியாகக் கறுப்புப் பட்டை ஓட, கால்களை முன்னால் நீட்டித் தண்ணீரில் விழுந்து மீனைத் தூக்கினால் விராலடிப்பான்.

போகும் நேரம் பற்றி. கரைப்பறவைகள் ஆகஸ்ட் கடைசியிலேயே வரத் தொடங்கி மார்ச், ஏப்ரல் வரை இருக்கும். வடகிழக்குப் பருவமழை கொட்டும்போது சேறெல்லாம் தண்ணீருக்கு அடியில் போய்விடும், குட்டைக்கால் பறவைகள் நிற்க இடமில்லாமல் வேறு பக்கம் நகர்ந்துவிடும். பாக் நீரிணையில் ஓதம், அதாவது கடல்மட்டத்தின் அன்றாட ஏற்ற இறக்கம், குறைவு, அதனால் இங்கே மழையையும் காற்றையும் பார்த்துத்தான் நாளை முடிவு செய்ய வேண்டும். மழை விட்டுத் தண்ணீர் வற்றத் தொடங்கும் டிசம்பர் கடைசியும் ஜனவரியும் என் தேர்வு. ஆறுமணிக்குருவியும் காட்டுக்கு வரும் வலசைக் குருவிகளும்தான் வேண்டும் என்றால் அக்டோபர். வனத்துறை அலுவலகத்தில் அனுமதி வாங்கிக்கொண்டு விடியலில் காட்டில் இறங்குங்கள், வெயில் ஏறியதும் சேற்றுப் பக்கம், சூரியன் முதுகுக்குப் பின்னால் இருக்கும்படி.

இருநோக்கி 8×42 (எட்டு மடங்கு பெருக்கம், 42 மி.மீ. முன் லென்ஸ்) போதும். இதற்கு மேல் பெருக்கம் வேண்டாம், கடற்காற்றில் கை ஆடி ஒன்றும் தெரியாது. உள்ளான்களுக்குத் தொலைநோக்கி இருந்தால் நல்லது, இல்லையென்றால் கரையில் அசையாமல் உட்காருங்கள், அவையே மேய்ந்துகொண்டு பக்கத்தில் வரும். படத்துக்காக நடந்து நடந்து கூட்டத்தைக் கிளப்பாதீர்கள். ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் பறப்பதற்குச் சேர்த்து வைக்கும் கொழுப்பை ஒவ்வொரு கிளப்பலிலும் எரிக்கின்றன. குரலை ஒலிபெருக்கியில் போட்டுப் பறவையை வரவழைக்கவும் வேண்டாம்.

கைபேசிக்கு முன்னால் ஒரு சின்ன நோட்டை எடுங்கள். இடம், அளவு, செய்கை, அலகு, கால் என்று ஐந்து வார்த்தை எழுதி, கோணலாக ஒரு படம் வரைந்தாலும் போதும், பெயரை அறைக்குப் போய்த் தேடலாம். பார்த்ததைப் பறவைப் பதிவுகளுக்கான ஈபேர்ட் இணையதளத்தில் போடும்போது பெயர் உறுதியில்லை என்றால் "உப்புக்கொத்தி வகை" என்று பொதுவாகப் பதிய வழி இருக்கிறது, ஊகித்து எழுதிய பெயரை விட அது பயனுள்ள பதிவு.

இன்னொன்று, உள்ளான்களின் காலை நன்றாகப் பாருங்கள். பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் பல பத்தாண்டுகளாக இங்கே பறவைகளைப் பிடித்து, வளையம் மாட்டி விடுகிறது. வளையமோ வண்ணக் கொடியோ கண்ணில் பட்டால் எந்தக் கால், முழங்காலுக்கு மேலா கீழா, என்ன நிறம், எழுத்து இருந்தால் என்ன எழுத்து என்பதைக் குறித்து, முடிந்தால் தூரத்தில் இருந்தே ஒரு படமும் எடுத்து, தேதியோடும் இடத்தோடும் அவர்களுக்கு அனுப்புங்கள்.